தரையில் இறக்கி விடு, தங்கச்சி

மலேசிய மலையூரான பிரிஞ்சாங்கில் காலையில் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் அம்மாக்கள் எல்லாரும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். "இன்னும் நடக்கலையேக்கா?" "சரியாவே சாப்பிட மாட்டேங்கிறான், என்ன பண்றது?" "பக்கத்து வீட்டுப் பிள்ளை நல்லாப் பேசுது, இவ ஏன் பேசல?" நீயும் அதையே கேட்டிருக்கிறாய், தங்கச்சி. உனக்குச் சொல்லும் பதில் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு வயதிலிருந்து மூன்று வயதுவரை பிள்ளைக்கு வேண்டியது கடையில் வாங்கும் சாமான் இல்லை. நடமாடத் தரை, கூட ஓர் ஆள், ஓயாத பேச்சு, விளையாட இன்னொரு பிள்ளை. இவை கிடைத்தால் உடம்பும் அறிவும் சேர்ந்தே வளரும். நம் மலையில் இதற்கு முதல் தடை குளிர். குளிர்கூட இல்லை, குளிரைப் பற்றிய நம் பயம்.

குளிருக்குப் பயந்து கட்டிப்போடாதே

நாம் இருப்பது கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டர். விடிகாலையில் வெளியே வந்தால் வாயிலிருந்து புகை வரும். பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும் என்று சட்டைமேல் சட்டை, அதன்மேல் சுவெட்டர், மேலே ஜேக்கெட், தலைக்குக் குல்லா என்று போட்டு, பகல் பத்து மணிவரை இடுப்பிலேயே வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அப்படிச் சுற்றிய பிள்ளைக்கு முழங்கையை மடக்க முடியாது, குனிந்து ஒரு சாமானை எடுக்க முடியாது, விழுந்தால் எழ முடியாது. தசை பலப்பட வேண்டிய வயதில் அதற்கு வேலையே இல்லாமல் போகிறது.

சளி கிருமியால் வருவது. குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் அடைத்து, ஒரே அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் தும்மினால் எல்லாருக்கும் தொற்றும். வெயில் ஏறியதும் ஜன்னலைத் திற. பிள்ளைக்கு உள்ளே ஒரு பருத்திச் சட்டை, மேலே ஒரு சுவெட்டர் போதும். ஓடியாடிச் சூடானால் சுவெட்டரைக் கழற்று, உட்கார்ந்தால் மாட்டு. கை, கால் சில்லென்றிருப்பதை வைத்துக் கணக்குப் போடாதே, சிறு பிள்ளைக்கு அவை அப்படித்தான் இருக்கும். பிடரியில் கைவைத்துப் பார். அங்கே கதகதப்பாக இருந்தால் பிள்ளைக்குக் குளிரவில்லை, வியர்த்திருந்தால் துணி அதிகம்.

வழவழப்பான காலுறை போட்டு டைல்ஸ் தரையில் நடக்கவிடாதே. அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை கிடைக்கிறது, அதை வாங்கு. இல்லையென்றால் பாய் விரித்து வெறுங்காலோடு விடு. நடக்கப் பழகும் பிள்ளை விரல்களால் தரையைப் பற்றித்தான் நிதானம் பிடிக்கிறது. வீட்டுக்குள் செருப்பு வேண்டவே வேண்டாம்.

குளிப்பாட்டும் விஷயத்தில் இரண்டு சொல்கிறேன், இரண்டுமே முக்கியம். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுப் பச்சைத்தண்ணீர் எடுக்கத் திரும்பும் அந்த அரை நிமிஷத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளை வாளிக்குள் கையை விட்டுவிடும். மைலோ கலக்க வைத்திருக்கும் வெந்நீர் ஜாடியும் மேசை ஓரத்தில் இருக்கக் கூடாது, மேசைவிரிப்பு தொங்கவும் கூடாது. சுட்டுவிட்டால் பற்பசை, நெய், சோயா சாஸ் எதையும் தடவாமல், சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு கிளினிக்குக் கொண்டுபோ. இரண்டாவது, தலைக்கு ஊற்றியபின் போடும் சாம்பிராணி. வாசனை நமக்குப் பிடிக்கும், பாட்டிமார் போட்டார்கள், எல்லாம் சரி. ஆனால் நாம் ஜன்னலை அடைத்து வைத்திருக்கும் சின்ன அறையில் அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகிறது. தலையைத் துண்டால் துவட்டிவிட்டாலே போதும். அறையைச் சூடாக்கக் கரி மூட்டுவதைச் செய்யவே செய்யாதே, மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும்.

நடை எப்போது வரும்?

உலகச் சுகாதார நிறுவனம் டெல்லி, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஐந்து இடங்களில் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டது. யார் துணையும் இல்லாமல் நடப்பதற்கு அவர்கள் கண்ட காலம் எட்டு மாதத்தில் தொடங்கி பதினேழரை மாதம்வரை நீள்கிறது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் நல்ல சாப்பாடும் நல்ல கவனிப்பும் கிடைத்தவர்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் பத்து மாதத்தில் நடந்தான், உன் மகள் பதினாலு மாதத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் இரண்டு பேருமே சரியாகத்தான் இருக்கிறார்கள். முந்தி நடந்தவன் கெட்டிக்காரன் என்றும் இல்லை. பதினெட்டு மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைத்தால் சீக்கிரம் நடக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது நடையைப் பழக்குவதில்லை. கண்ணுக்குத் தன் பாதம் தெரியாமல், நுனிக்காலால் உந்தித் தள்ளத்தான் பழக்குகிறது. கனடாவில் 2004-இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள், காரணம் பிள்ளைகள் அதோடு படியில் உருண்டு மண்டையில் அடிபட்டதுதான். நம் ஊரில் எந்த வீட்டு வாசலில் படி இல்லை? மேட்டில் வீடு, பள்ளத்தில் ரோடு. நம் பழைய மர நடைவண்டி நல்லது, பிள்ளை தானே எழுந்து நின்று, தானே தள்ளி, தானே நிற்க வேண்டும். ஆனால் அதையும் சமதரையில் மட்டும் கொடு.

படியைக் கண்டு பயந்து கதவை அடைத்தே வைத்திருப்பதும் சரியில்லை. இந்த மலையில் வளரும் பிள்ளை படி ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். தவழும்போதே நீ பின்னால் நின்றுகொண்டு நாலு படி ஏறவிடு. இறங்கும்போது வயிற்றைப் படியில் வைத்து, காலைப் பின்னால் விட்டு, தடவித் தடவி இறங்கச் சொல்லிக்கொடு. முதல் சில நாள் நீயே காலைப் பிடித்து அடுத்த படியில் வைக்க வேண்டியிருக்கும். பிறகு பார், படி வந்தாலே தானாகத் திரும்பிக்கொள்ளும். ஒன்றரை வயதுக்குமேல் கையைப் பிடித்து நின்றபடி ஏறும், இரண்டு வயதில் ஓடும், பந்தை உதைக்கும், இரண்டரையில் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கும். பழகிய பிறகும் படிக்கு மேலும் கீழும் தடுப்புக் கதவு போட்டுவைப்பது நல்லது.

ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளில் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரமாவது பிள்ளை ஓடியாட வேண்டும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்குமேல் நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ கட்டி உட்காரவைக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. மழைக்காலத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெளியே போக முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்போது கட்டிலிலிருந்து மெத்தையை இழுத்துத் தரையில் போடு, தலையணையை மலைபோல் அடுக்கு, ஏறி இறங்கட்டும். மேசைக்கடியில் போர்வையைத் தொங்கவிட்டு வீடு கட்டிக் கொடு.

ஒரு விஷயம் இங்கே காய்கறித் தோட்டத்திலும் தேயிலையிலும் வேலை செய்பவர்களுக்கு. பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதே, வீட்டுக்காரரையும் தூக்க விடாதே. பிள்ளை வாசலுக்கு ஓடிவரும், மனசு கேட்காதுதான். இருந்தாலும் முதலில் குளியல், உடுப்பு மாற்றல், அப்புறம் கொஞ்சல். மிச்ச மருந்தைக் குடிக்கும் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் உன் லயத்தில் யாருக்காவது இருந்தால் சண்டை போட்டாவது நிறுத்து. இந்த வயதில் கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

சாப்பாடு குறைவது சகஜம், தேத்தண்ணி சகஜமாகக் கூடாது

பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த ஒரு வருஷத்தில் கூடுவது இரண்டு, மூன்று கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. அம்மாவுக்கு இது தெரியாததால் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறாள், கைப்பேசியைக் காட்டி வாயில் திணிக்கிறாள், அதுவும் முடியாதபோது "வயிறாவது நிறையட்டும்" என்று பாட்டிலில் பால் கொடுக்கிறாள். பாலால் வயிறு நிறைந்த பிள்ளை சோறு கேட்காது. சோறு சாப்பிடாத பிள்ளைக்கு இரும்புச்சத்து கிடைக்காது. ஒரு வயதுக்குமேல் பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் இருக்கட்டும், கப்பில் கொடு. தேநீரில் ஊற்றும் டின் பால் அதற்குச் சமம் இல்லை, அதில் சர்க்கரைதான் அதிகம்.

தேத்தண்ணி பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தேயிலைக் காட்டுக்குள்ளேயே இருக்கிறோம், வீட்டில் எந்நேரமும் தேநீர் இருக்கும், குளிருக்குச் சூடாக நல்லது என்று பிள்ளைக்கும் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2022-இல் எடுத்த தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரத்தசோகை, ஐந்தில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. மலேசியாவிலா என்று நீ ஆச்சரியப்படுவாய். பட்டினியால் வந்தது என்று மட்டும் நினைக்காதே, வயிற்றைப் பாலாலும் பிஸ்கட்டாலும் நிரப்பினாலும் இது வரும். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், விளையாடாது, கவனிக்காது, புத்தி வளர்ச்சியும் பின்தங்கும்.

என்ன கொடுக்கலாம்? வாரத்தில் ஒரு நாள் கோழி ஈரலை வேகவைத்துச் சோற்றோடு மசித்துக் கொடு. முட்டை தினமும் கொடுக்கலாம். நெத்திலியை நன்றாகக் கழுவி உப்பைப் போக்கி வறுத்துப் பொடியாக்கி வைத்துக்கொள், கஞ்சியில் தூவலாம். பருப்பும் கீரையும் கொடுக்கும்போது கூடவே தக்காளியோ கொய்யாவோ ஸ்ட்ராபெரியோ கொடுத்தால் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். நம் ஊரில் தக்காளிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் பஞ்சமே இல்லை, ஆனால் நன்றாகக் கழுவு. என்ன, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதை நீ முடிவு செய். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

மூச்சுக்குழலில் சிக்குபவற்றில் கவனம். முழு நிலக்கடலை, முறுக்கு, முழுத் திராட்சை, சந்தையில் விற்கும் குட்டித் தக்காளி, உதிர்த்த சோளம். தக்காளியையும் திராட்சையையும் நீளவாக்கில் நாலாக நறுக்கு. சோளத்தை மசித்துக் கொடு. ஓடிக்கொண்டே சாப்பிட விடாதே.

பல் இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். அரிசி அளவு பற்பசை போட்டுக் காலையும் இரவும் நீயே தேய்த்துவிடு. பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் முன்பல் கறுத்துச் சிதையும்.

கையில் வேலை கொடு

விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கவில்லையே என்று வருத்தப்படாதே. நேற்று என் வீட்டில் சமையலுக்குச் சாவி கீரை வாங்கியிருந்தேன். கழுவி ஒரு கூடையில் போட்டு, இரண்டு வயதை எட்டப்போகும் ஒருத்தி முன்னால் வைத்தேன். முதலில் முழு இலையை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு தண்டைப் பிடித்து உதறினாள், தண்ணீர் தெறித்ததும் ஒரே சிரிப்பு. அப்புறம் நான் கிள்ளுவதைப் பார்த்துக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஓரத்தைக் கிழித்தாள். கிழித்த துண்டைக் கிண்ணத்தில் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். "பச்சை", "ஈரம்", "போடு", "இன்னும்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், "இன்னும்" என்பதை அவள் திருப்பிச் சொன்னாள். விரல், கண், பேச்சு, எண்ணம் எல்லாம் அந்த ஒரு கூடையில் பழகின. கடையில் விற்கும் மின்னும் பொம்மையில் பொத்தானை அமுக்குவது மட்டும்தான் வேலை.

மூடி போட்ட டப்பா, அகப்பை, கிண்ணம், துணி கிளிப், பெரிய பெட்டி, ஒரு நோட்டும் தடித்த வண்ணக்கட்டியும் போதும். ஒன்றரை வயதில் கிறுக்கும், இரண்டு மூன்று கட்டையை அடுக்கும். இரண்டு வயதில் ஆறேழு அடுக்கும். கரண்டியைப் பிடித்துச் சாப்பிட விடு, பாதி கீழே சிந்தும், கீழே பிளாஸ்டிக் விரித்துக்கொள். வலக்கையா இடக்கையா என்று இந்த வயதில் கட்டாயப்படுத்தாதே. ஒரு கையை மட்டுமே எப்போதும் நீட்டுகிறது, மற்றக் கை மடங்கியே இருக்கிறது என்றால் அது பழக்கம் இல்லை, டாக்டரிடம் காட்டு.

நிலாவைக் காட்டும் வயது

நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடும்போது பருவம் பருவமாகப் பிரித்தார்கள். தலையை நிமிர்த்தி உடம்பை அசைக்கும் செங்கீரை, கை தட்டும் சப்பாணி, தளர்நடையில் வரச்சொல்லும் வருகை, பிறகு நிலாவை அழைக்கும் அம்புலி. அதற்கும் பின்னால் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணல் வீடு, கொட்டு, இழுக்கும் வண்டி என்று இரண்டு வயது விளையாட்டு எல்லாமே அதில் வந்துவிடுகிறது. இதில் நான் உன்னை நன்றாகக் கவனிக்கச் சொல்வது அம்புலிப் பருவத்தைத்தான். "அதோ நிலா பார்" என்று அம்மா விரலை நீட்டும்போது பிள்ளை விரலைப் பார்க்காமல், விரல் காட்டும் திசையைப் பார்க்கிறதா? தானும் விரலை நீட்டிக் காட்டிவிட்டு, "நீயும் பார்த்தியா?" என்பதுபோல் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா?

இதே கேள்வியைத்தான் இன்றைக்கு அரசு கிளினிக்கில் பதினெட்டாவது மாதத்தில் எம்-சாட் என்ற படிவத்தை வைத்துக் கேட்கிறார்கள். ஆட்டிசம் இருக்குமோ என்று முன்கூட்டியே சலித்துப் பார்க்கும் படிவம் அது. பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, மற்றப் பிள்ளைகளைப் பார்த்து ஆர்வப்படுகிறதா, நாம் செய்வதைச் செய்து பார்க்கிறதா என்று கேட்பார்கள். பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமாம்" போட்டுவிட்டு வராதே. உள்ளதைச் சொல்.

நம் ஊரில் பாதி நாள் மூடுபனி, நிலா தெரியாது. பரவாயில்லை. சரிவில் தேயிலை வெட்டும் மெஷினைக் காட்டு, கூரையில் பூனையைக் காட்டு, காய்கறி ஏற்றிப்போகும் லாரியைக் காட்டு. காட்டிவிட்டுப் பேசு, பேசிவிட்டு நிறுத்து. பிள்ளைக்கு ஒரு பதில் தயாராகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நாம்தான் பொறுமையில்லாமல் அந்தப் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

எத்தனை மொழி பேசுவது என்று குழம்பாதே. வீட்டில் தமிழ், வாசலில் மலாய், கடையில் மாண்டரின், டிவியில் ஆங்கிலம் என்று இங்கே எந்தப் பிள்ளைக்கும் காதில் நாலு மொழி விழும். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பிள்ளை பேசும் சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணு. பால் வேண்டி "சுசு தா" என்று பாதி மலாயும் பாதி தமிழுமாகக் கேட்டாலும் அது இரண்டு சொல் சேர்ந்த வாக்கியம்தான். இரண்டு வயதில் ஐம்பது சொல் அளவுக்கும், இப்படி இரண்டிரண்டாகச் சேர்த்தும் பேசினால் சரி. ஆனால் பாலர் பள்ளிக்கு உதவும் என்று உனக்குச் சரளமாக வராத மொழியில் பிள்ளையோடு பேசாதே. உன் வாயில் தடையில்லாமல் வரும் தமிழில்தான் கதையும் கொஞ்சலும் கோபமும் முழுசாக வரும், பிள்ளைக்கு அதுதான் வேண்டும்.

கைப்பேசி: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. இதுவும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 ஆலோசனைதான். ஈப்போவிலிருக்கும் பாட்டியோடு வீடியோவில் பேசுவதை இதோடு சேர்க்காதே, அதில் எதிர்முனையில் ஓர் ஆள் பதில் சொல்கிறார். ஸ்டாலில் வியாபாரம் பார்க்கும்போது வேறு வழியில்லையே என்பாய். பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து, மேலே சொன்ன டப்பாவும் கிண்ணமும் போட்டுவை. வாரத்துக்கு ஒருமுறை சாமானை மாற்று, புதுசுபோல் விளையாடும்.

மற்றப் பிள்ளைகளோடு

மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டிமாரும் அம்மாமாரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். இலங்கை மலையகத்தில் இதே வேலைக்குப் பிள்ளைக்காம்பரா இருந்தது. வரிசையாகத் தொங்கும் ஏணையும் ஒரே ஓர் ஆயாவுமாக வசதி குறைந்த இடம்தான். ஆனாலும் ஒரு வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அங்கே வாய்ப்பு இருந்தது. தோட்டத்தில் தங்கி வேலை செய்வோரின் சின்னப் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு இடம் தரும் கடமையை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டமும் முதலாளிமேல் வைத்திருக்கிறது. உன் தோட்டத்தில் இருக்கிறதா என்று கேள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வெளியில் விடுகிறாய் என்றால் இடத்தை விசாரித்து விடு. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்குமேலோ கூலிக்குப் பார்க்கப்பட்டால், அது வீடாக இருந்தாலும் 1984-ஆம் ஆண்டு தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மைய) சட்டப்படி சமூகநலத் துறையில் பதிந்திருக்க வேண்டும். கைக்குழந்தை மூவருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயதில் ஐவருக்கு ஒருவர் என்பது கணக்கு. நானும் பதிந்துதான் நடத்துகிறேன். "பதிவுச் சான்றிதழைக் காட்டுங்க" என்று கேட்கும் அம்மாவை எனக்குப் பிடிக்கும்.

முதல் சில வாரம் அழும். அழட்டும் என்று கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக நழுவிப் போகாதே. அப்படிப் போனால் அடுத்த நாள் உன் முந்தானையை விடவே விடாது, எப்போது மறைந்துவிடுவாளோ என்ற பயம் அதற்கு. "அம்மா வேலைக்குப் போறேன், நீ தூங்கி எழுந்து சாப்பிட்டதும் வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல், முத்தம் கொடு, போ. சொன்ன நேரத்துக்கு வா.

இரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை ஒன்றாக விட்டால் சேர்ந்து விளையாட மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். அதுவும் விளையாட்டுதான், அந்த வயதின் சிநேகம் அப்படித்தான் இருக்கும். "பகிர்ந்து விளையாடு" என்று பிடுங்கிக் கொடுக்காதே, பகிரும் பக்குவம் மூன்று வயதை ஒட்டித்தான் வரத் தொடங்கும். கடித்துவிட்டால் திருப்பிக் கடித்துக் காட்டும் வைத்தியம் வேண்டாம். கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்கு. கடித்த பிள்ளையிடம் "கடிச்சா வலிக்கும், கடிக்கக் கூடாது" என்று நாலே சொல்லில் சொல்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் பொம்மைக்கடை முன்னால் தரையில் விழுந்து உருளும் காட்சி எல்லா வார இறுதியிலும் நடக்கும். ஆசை பெரிசாகவும் சொல் சிறிசாகவும் இருக்கும் வயது, அடக்கும் மூளைப்பகுதி இன்னும் வளரவில்லை. கூட்டம் பார்க்கிறதே என்று அடிக்காதே, அதற்காகவே வாங்கியும் கொடுக்காதே. தூக்கிக்கொண்டு ஓரமாகப் போ, உட்கார், "உனக்கு அந்தக் கார் வேணும், அம்மா வாங்கலை, அதான் கோபம்" என்று சொல். அடங்கும்வரை கூட இரு. பசியும் தூக்கமும் சேர்ந்த வேளையில் சந்தைக்குக் கூட்டிப் போகாமல் இருந்தால் பாதி உருளல் குறையும். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11-இலிருந்து 14 மணி நேரம் தூங்க வேண்டும். ஏறிக் குதிக்கத் தெரிந்த பிள்ளையை ஏணையில் போடாதே, தரையில் படுக்கவை.

மலைப்பாதையில் காரில் போகும்போது மடியில் வைக்காதே. 2020 ஜனவரி முதல் பிள்ளைக்கான தனி இருக்கை நம் நாட்டில் கட்டாயம்.

புத்தகத்தை எடுத்துப் பார்

பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகம் உன்னிடம் இருக்கிறது. ஊசிக் கணக்குக்கு மட்டும் அல்ல அது. ஒவ்வொரு முறையும் எடையும் உயரமும் குறித்து, கிளினிக் தாதி மிஸ்ஸியைக் கோடு போடச் சொல். ஒரு மாத எடையை வைத்துக் கலங்காதே, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார். தன் பாதையில் ஏறிக்கொண்டே இருந்தால் ஒல்லியாக இருந்தாலும் பயமில்லை. கோடு படுத்துவிட்டால் கேள்.

ஊசியில் 9-ஆம் மாதமும் 12-ஆம் மாதமும் தட்டம்மைக்கான எம்எம்ஆர், 15-இல் நிமோனியா தடுப்பூசி, 18-இல் ஆறு நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி. ஒரு வயதுக்குப் பிறகு கிளினிக் பக்கமே வராதவர்கள் அதிகம், தவறிப்போவதும் இந்தக் கடைசி இரண்டும்தான். ஊசிக்குப் போகாவிட்டால் எம்-சாட் கேள்வியும் போய்விடுகிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது? ஒரு வயதில் பெயரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, அர்த்தமுள்ள ஒரு சொல்கூட இல்லை, நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த பேச்சோ சிரிப்போ பழக்கமோ திரும்பப் போய்விடுவது. அது எந்த வயதில் நடந்தாலும் அந்த வாரமே போ. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனாலும் காது கேட்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நிபுணரிடம் அனுப்பினால் மலை இறங்கி ஒரு நாள் கூலியை விட்டுப் போக வேண்டியிருக்கும், அதனால்தான் பலர் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளுகிறார்கள். பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் உண்டு. நடக்கவோ பேசவோ சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சமூகநலத் துறையின் பிடிகே மையங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன, கிளினிக்கிலேயே விசாரிக்கலாம்.

உன் மகளுக்கு 18-ஆம் மாத ஊசி என்றைக்கு என்று இப்போதே புத்தகத்தை எடுத்துப் பார், தங்கச்சி. அன்றைக்குக் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி அதற்குள்ளேயே வைத்துவிடு. வேலையிடத்தில் லீவும் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள், முடிந்தால் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.